முதலாவதா, ரெண்டாவதா?

அந்தக் கண் பரிசோதனைப் பயிற்சிப் பள்ளியில் மாணவர்களுக்குள் ஒரு போட்டி உண்டு. முதல் மதிப்பெண்ணுக்கான போட்டி இல்லை. அது யாருக்கு என்பது எப்போதோ முடிவான சங்கதி. செய்முறை வகுப்பில் தலையாட்டியை யார் தன் நாற்காலியில் உட்கார வைத்துக்கொள்வது என்பதில்தான் தள்ளுமுள்ளு. மணி அடித்ததும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் அவள் கையைப் பிடித்து இழுப்பார்கள். "நேத்தே சொல்லி வச்சேன்டி" என்பாள் ஒருத்தி. "எனக்கு இன்னைக்கு மேடம் மார்க் போடுறாங்க, ப்ளீஸ்" என்பான் இன்னொருவன். முடியாது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. யார் பிடி பலமோ அவர்கள் பின்னால் போவாள்.

தலையாட்டி என்பது பட்டப்பெயர். இறுதி ஆண்டு மாணவி. யார் எதைச் சொன்னாலும் அவள் தலை முதலில் ஆடிவிடும். "சரிங்க" என்ற சொல் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அதற்கும் அவள் தலையாட்டினாள். பெயர் நிலைத்துவிட்டது.

அவளுக்கு ஏன் அத்தனை கிராக்கி என்று புரிய வேண்டுமானால் அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கண்ணுக்கு என்ன பவர் என்று கண்டுபிடிப்பதன் உயிர் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தவர் மூக்கில் ஒரு கனமான இரும்புச் சட்டத்தை மாட்டுவார்கள். அதில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவது தெளிவா இருக்கா?" என்று கேட்பார்கள். பதிலை உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, சோதிப்பவருக்கும் தெரியாது. உட்கார்ந்தவர் "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று இழுத்தால் சோதிப்பவருக்கு வியர்க்கும், மதிப்பெண் குறையும். தலையாட்டியிடம் அந்த இழுவையே கிடையாது. கேள்வி முடிவதற்குள் "ரெண்டாவது" என்பாள். அவளைச் சோதித்தவர்கள் எல்லோரும் தேறினார்கள்.

அவள் எப்படிச் சொன்னாள் என்பதுதான் கதை.

சோதனை அறைகள் குறுகலானவை. எழுத்துப் பலகையை எட்ட வைத்துப் படிக்கச் சொல்ல இடம் போதாது. அதனால் பலகையை நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு மேலே தொங்கவிட்டு, எதிர்ச் சுவரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியை மாட்டியிருந்தார்கள். பலகையில் எழுத்துகள் இடவலம் மாறியிருக்கும், நிலைக்கண்ணாடியில் நேராகத் தெரியும். உட்கார்ந்தவர் அதைப் பார்த்துப் படிக்க வேண்டும். அறை இருட்டு. பலகையின் விளக்கு மட்டும் எரியும். அந்த வெளிச்சம் பக்கத்தில் நிற்பவரின் முகத்திலும் விழும். ஆக, நிலைக்கண்ணாடியின் மேற்பாதியில் எழுத்துகள், கீழ்ப்பாதியில் சோதிப்பவரின் முகம்.

எல்லோரும் மேற்பாதியைப் பார்த்தார்கள். அவள் கீழ்ப்பாதியைப் பார்த்தாள்.

ஆசைப்படுகிற கை லென்ஸைக் கொஞ்சம் மெதுவாக இறக்கும். "முதலாவதா" என்னும்போது தட்டையாக இருக்கிற குரல் "ரெண்டாவதா" என்னும்போது ஒரு நூல் உயரும். உதடு பதிலைத் தானே சொல்லிவிடப் பார்க்கும். இவ்வளவும் அவளுக்கு ஒரே வீச்சில் தெரிந்துவிடும். இதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை. கேட்பவருக்கு எது வேண்டுமோ அது உண்மையாகவே அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் அவளுடைய சாமர்த்தியம், அதுதான் அவள் தலைவிதியும்.

இது நேற்று வந்த வித்தை இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்திக் கண் பார்த்தார்கள். அவள் வரிசையின் கடைசிக்கு முந்தினவள். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் படிக்கப் படிக்க, அவளுக்கு அந்த எழுத்து வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. தன் முறை வந்தபோது பலகையில் மேல் எழுத்தைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தங்குதடையில்லாமல் கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தாள். டீச்சர் முதுகில் தட்டி, "கண்ணுன்னா இது கண்ணு" என்றார். அந்தத் தட்டு அவளுக்கு ஒரு வாரம் இனித்தது. அப்புறம் பல வருடம் கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினாள்.

வீட்டிலும் அதே கதைதான். அப்பாவுக்கு ஒரு வழக்கம்: மதிப்பெண் வந்த அன்று பெரியப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவளையே வாசிக்கச் சொல்வார். ஒவ்வொரு பாடமாக அவள் வாசிக்க வாசிக்க, அப்பா சட்டையின் மேல் பட்டனைத் தடவிக்கொண்டிருப்பார். பெரியப்பா, "காலேஜுக்கே கீர்த்திடா உன் பொண்ணு" என்றால் கை பட்டனில் நின்றுவிடும். அண்ணன் இரண்டு முறை தோற்றுவிட்டு மெக்கானிக் கடையில் சேர்ந்தவன். அவன் சாப்பாட்டுத் தட்டோடு சமையலறைக்குள் போய்விடுவான். "உனக்கு இது பிடிச்சிருக்காம்மா?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள், பள்ளியில் சேர்ந்த புதிதில். அவள் உடனே அப்பா முகத்தைப் பார்த்தாள். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

யாராவது பார்க்கிறார்கள் என்றால்தான் அவளுக்குப் படிப்பு ஓடும். விடுமுறையில் வீட்டில் ஆள் இல்லாத பகலில் புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் வரிகள் உள்ளே போகத் தொடங்கும். யாருக்காகவும் இல்லாமல் படித்துப் பார்த்ததில்லை, அதனால் தனக்கு என்ன பிடிக்கும் என்பதும் தெரியாது. பாராட்டும் கொஞ்ச நாளில் சோறு மாதிரி ஆகிவிட்டது. பசிக்குத் தின்றாள், ருசி தெரியவில்லை, தின்னாமல் இருக்கவும் முடியவில்லை.

பயிற்சிப் பள்ளியில் சோறு போடுகிற கை பெரிய மேடத்தின் கை. அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். வாய் திறந்து 'நல்லா இருக்கு' என்று அவர் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. மைப் பேனா ஒன்று வைத்திருப்பார். ஒரு மாணவர் வேலை செய்யும்போது மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். வேலை திருப்தி என்றால் மூடியைப் பேனாவில் 'டக்' என்று போடுவார். திருப்தி இல்லையென்றால் பேனா திறந்தபடியே அடுத்த அறைக்குப் போகும். வெளியே வருகிறவர்களை மற்றவர்கள் மறித்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "மூடி விழுந்துச்சா?" தலையாட்டிக்கு எப்போதும் விழும். அந்த 'டக்'கைக் கேட்டால்தான் அவளுக்கு அன்றைய தினம் முடிந்ததாகத் தோன்றும்.

போன வருடம் பெரிய மேடம் வகுப்பு முழுவதையும் கூட்டி வைத்து, எப்படிப் பவர் பார்ப்பது என்று தலையாட்டியை உட்கார வைத்துச் செய்து காட்டினார். ஒவ்வொரு லென்ஸாக ஏற்றினார். நிலைக்கண்ணாடியில் மேடத்தின் புருவம் ஒவ்வொரு முறையும் இரண்டாவது லென்ஸுக்கு லேசாக உயர்ந்தது. அது அவருடைய பழக்கமோ என்னவோ. அவள் ஒவ்வொரு முறையும் "ரெண்டாவது" என்றாள். பவர் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மூடி விழுந்தது. "பதில் சொன்னா இப்படிச் சொல்லணும்" என்று மேடம் வகுப்பைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பவருக்கே பயிற்சிப் பள்ளியிலேயே அவளுக்கு மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்தார்கள்.

அதைப் போட்ட நாளிலிருந்து எழுத்துகள் குட்டியாக, கன்னங்கரேலென்று தெரிந்தன. கடைசி வரி வரைக்கும் படிக்க முடிந்தது. சாயங்காலமானால் இரண்டு நெற்றிப்பொட்டும் தெறிக்கும். "தலைவலி வராத படிப்பு என்ன படிப்பு" என்றார் அப்பா. அவளும் சரியென்று மாத்திரை போட்டுக்கொண்டாள்.

இத்தனைக்கும் பெரிய மேடமே வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம்தான்: "இளங்கண்ணை மட்டும் நம்பிடாதீங்க. பவர் அதிகமா வச்சாலும் இழுத்துப் பிடிச்சுச் சமாளிச்சிடும். படிக்கவும் செய்யும். அப்புறம் தலைவலியா வந்து கூலி கேக்கும்." தலையாட்டி அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு, பரீட்சையில் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டேதான் எழுதினாள்.

அவளிடம் ஏமாறாத ஒரே ஆள் சோடாபுட்டி. கண்ணாடி தடிமனைப் பார்த்து வைத்த பெயர். தலையாட்டிக்கு இருந்த ஒரே சிநேகிதியும் அவள்தான். சோடாபுட்டியை நாற்காலியில் உட்கார வைத்துக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. ஒழுங்கா வேற போடு" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். கை கொஞ்சம் முரடு, லென்ஸில் விரல் ரேகையைப் பதித்துவிடுவாள். அவளுக்கு மூடி விழுந்தது ஏதோ ஒரு தடவை. அதுவும் மேடம் தும்மியபோது கை தவறிப் போட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஏற்கெனவே இறுதிச் செய்முறைத் தேர்வில் தோற்றுத் தவணை தள்ளிப்போனவள்.

ஒருநாள் கேண்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, "நீ சார்ட்டைப் பாக்கல, என் மூஞ்சியைப் பாக்குற" என்றாள்.

"இல்லையே."

"இப்பவும் என் மூஞ்சியைப் பாத்துத்தான் இல்லைன்னு சொல்ற. உன் கண்ணுக்கு உண்மையா என்ன பவருன்னு எனக்குத் தெரியணும்டி. ஒருநாள் கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

தலையாட்டி சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தோன்றியது.

இறுதித் தேர்வு நெருங்கியபோது ஒரு பேச்சு அடிபட்டது. பள்ளியின் சொந்தக் கண் மருத்துவமனையில் பெரிய மேடத்துக்கு உதவியாளர் ஒருவரை எடுக்கப் போகிறார்கள், தேர்ந்தெடுப்பது மேடம். அப்பா இதைப் பெரியப்பாவிடம் நடந்து முடிந்ததாகவே சொல்லிவிட்டார். அந்த வேலை தனக்கு வேண்டுமா என்று தலையாட்டி தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கிடைக்காமல் போனால் அப்பாவின் கை அந்தப் பட்டனில் என்ன செய்யும் என்று மட்டும் நினைத்துப் பார்த்தாள்.

தேர்வில் யார் யாரைச் சோதிப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். தலையாட்டி தான் சோதிக்க வேண்டியவரைக் காலையிலேயே முடித்துவிட்டாள்; மூடியும் விழுந்தது. மத்தியானம் அவள் உட்கார வேண்டிய முறை. சோதிப்பவள் சோடாபுட்டி. "அதிர்ஷ்டக்காரி, தலையாட்டி கிடைச்சிட்டா, இந்தத் தடவை பாஸுதான்" என்று பொறாமைப்பட்டார்கள் மற்றவர்கள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வழுக்கைத் தலையும் தூக்கக் கண்ணுமாக மூலையில் உட்கார்ந்திருந்தார். பெரிய மேடம் கதவோரம் நின்றார். சோடாபுட்டி உள்ளே வந்ததும் செய்த முதல் காரியம், தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நிலைக்கண்ணாடியைச் சுவரோடு பிடித்திருந்த நடு ஆணியில் மாட்டியதுதான். கீழ்ப்பாதி மறைந்துவிட்டது. எழுத்துகள் மட்டும் மிஞ்சின.

"அது எதுக்கும்மா?" என்றார் தேர்வாளர்.

"இவங்களுக்குக் கவனம் சிதறுது சார்."

தேர்வாளருக்குத் தூக்கம் கொஞ்சம் கலைந்தது. "சரி, செய்" என்றார்.

சோடாபுட்டி இரும்புச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டிவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கை மட்டும் முன்னால் வந்து லென்ஸைப் போட்டது. "முதலாவதா, ரெண்டாவதா?" குரல் பஸ் கண்டக்டர் குரல் மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது.

தலையாட்டிக்குப் பதில் வரவில்லை. எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. கோட்டின் பட்டன்களைப் பார்த்தாள். அவற்றில் ஒரு முகமும் இல்லை. இத்தனை வருடமும் தான் பார்த்தது என்ன என்று ஒரு கணம் திகைத்தாள்.

"தெரியலைன்னாலும் சொல்லலாம். அவசரமில்ல" என்றது பின்னாலிருந்து குரல்.

"தெரியல" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிறாள், நாக்கு அந்தச் சொல்லுக்குப் பழக்கப்படவில்லை.

"சரி, மறுபடி பாரு."

மறுபடி பார்த்தாள். மெல்ல மெல்ல, எழுத்துகள் எழுத்துகளாக வரத் தொடங்கின. முதலாவது. ரெண்டும் ஒண்ணு. முதலாவது. சோடாபுட்டி பவரைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் கண்ணுக்குப் பின்னால் எப்போதும் இழுத்துப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கையை விட்டது. எழுத்து பெரிதாகத் தெரிந்தது. கறுப்பு கண்ணைக் குத்தவில்லை. ஒரு வருடமாக நெற்றியில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது.

சோடாபுட்டி தன் முடிவைச் சொன்னாள். பெரிய மேடத்தின் முகம் மாறியது.

"இந்தப் பொண்ணோட பவர் இது இல்ல சார். நானே பார்த்தது. இது ரொம்பக் குறைவு." கோட்டை ஆணியிலிருந்து எடுத்து நாற்காலிக் கையில் போட்டார் மேடம். அப்படிச் செய்தபோது நிலைக்கண்ணாடியின் கீழ்ப்பாதியில் வந்து நின்றார். கையில் பேனா திறந்திருந்தது.

தேர்வாளர் எழுந்து வந்தார். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் படிக்கச் சொன்னார். அவள் பழைய கண்ணாடியிலும் கடைசி வரியைப் படித்தாள், புதிய லென்ஸிலும் படித்தாள். தேர்வாளர் தலையைச் சொறிந்தார். "சின்ன வயசுக் கண்ணு. சொட்டு மருந்து விட்டுக் கண்ணைத் தளர்த்திப் பார்த்தாத்தான் தெரியும், இப்ப அதுக்கு நேரமில்ல. நீயே சொல்லும்மா. உன் கண்ணாடி தெளிவா, இவங்க வச்சது தெளிவா?"

நிலைக்கண்ணாடியில் பெரிய மேடத்தின் முகம் இருந்தது. அதில் கோபம்கூட இல்லை. வெளியூர் ஆள் முன்னால் தன் கணக்குத் தப்பாகிவிடுமோ என்ற பயம் இருந்தது. தலையாட்டிக்கு அதுவும் தெரிந்தது. எந்த முகத்திலும் எதுவும் அவளுக்குத் தெரியாமல் போகாது. சோடாபுட்டி எங்கே நிற்கிறாள் என்று பார்க்கவில்லை.

"என் கண்ணாடிதான் சார்" என்றாள்.

'டக்' என்று மூடி விழுந்தது.

சோடாபுட்டி தோற்றாள். நாற்காலிக் கையிலிருந்த கோட்டை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு வெளியே போனாள். வராந்தாவில் அவளைச் சூழ்ந்துகொண்டு, "தலையாட்டியை வச்சுமா ஃபெயில் ஆன?" என்று கேட்டார்கள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று ஒருவன் சிரித்தான். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தலையாட்டி தூணோரம் நின்று, தன்னைப் பார்த்துத் திட்டிவிட மாட்டாளா என்று காத்திருந்தாள். சோடாபுட்டி பார்க்காமலே கடந்து போனாள். அழுகை வரும் என்று தலையாட்டி எதிர்பார்த்தாள், அதுவும் வரவில்லை.

வேலை கிடைத்தது. முதல் மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பெரிய மேடம் சொன்னார். வீட்டில் ஸ்பீக்கரில் பெரியப்பா, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று முழங்கினார். அப்பாவின் கை பட்டனில் நின்றது. அண்ணன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்றான். "தலைவலி" என்றாள். அது உண்மைதான்.

மருத்துவமனையிலும் அதே மாதிரி குறுகல் அறை, அதே மாதிரி நிலைக்கண்ணாடி; நாள் முழுக்க அவள்தான் கேட்க வேண்டும்: முதலாவதா, ரெண்டாவதா? வருகிறவர்கள் யோசித்தார்கள், கண்ணைச் சுருக்கினார்கள், சண்டை பிடித்தார்கள். ஒரு தையல்காரர், "அம்மா, அவசரப்படுத்தாதீங்க, இது என் கண்ணு" என்றார். அவள் அந்த ஆளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கண் என்று எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது? சிலர் மட்டும் நிலைக்கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினார்கள். அப்படித் தேடுகிறவர்களை அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அவர்களிடம் மட்டும் அவளால் கேள்வியைச் சரியாகக் கேட்க முடியவில்லை.

மாதம் முடிகிற சமயம், சாப்பாட்டு இடைவேளையில், சோடாபுட்டி சோதனை அறை வாசலில் வந்து நின்றாள். கையில் லென்ஸ் பெட்டி.

"உள்ள வரலாமா?"

தலையாட்டி டிபன் டப்பாவை மூடினாள். "என்னை மன்னிச்..."

"அதெல்லாம் வேணாம். அதுக்காக வரல. உக்காரு."

"எதுக்கு?"

"அன்னைக்கு நான் கண்டுபிடிச்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியணும். அன்னையிலேர்ந்து மண்டையைக் குடையுது. தப்புன்னா எங்க தப்புன்னு பாத்துக்குறேன், அடுத்த தவணைக்கு ஆகும். சரின்னா வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவேன். அவ்வளவுதான்."

"சரின்னு தெரிஞ்சா? மேடம்கிட்ட சொல்லப்போறியா?"

"நான் ஏன் சொல்லணும்? எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

தலையாட்டிக்கு இது விளங்கவில்லை. யாருக்கும் காட்டாமல் ஒன்றைச் சரியாகச் செய்து என்ன பயன்? ஆனாலும் தலை ஆடிவிட்டது. போய் உட்கார்ந்தாள். சோடாபுட்டி விளக்கை அணைத்து, தன் கோட்டை நிலைக்கண்ணாடி ஆணியில் மாட்டி, பின்னால் போய் நின்றாள். முரட்டுக் கை முன்னால் வந்தது.

"முதலாவதா, ரெண்டாவதா?"

வெகுநேரம் பார்த்தாள். "முதலாவது."

சோடாபுட்டி சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அடுத்த லென்ஸ் வந்தது. தலையாட்டி காத்திருந்தாள், காத்திருப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று புரிந்தபோது எழுத்துகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பவர் இறங்கியது. அதே இடத்தில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், கண்ணுக்குப் பின்னால் இருந்த பிடி தளர்ந்தது.

"இங்கதான்" என்றாள் தலையாட்டி. கேட்காமலே சொன்னாள்.

பின்னால் நீளமான ஒரு மூச்சு விடும் சத்தம். "அதே பவர்தான். அப்ப நான் சரியாத்தான் பண்ணியிருக்கேன்" என்றாள் சோடாபுட்டி, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அப்போது கதவு திறந்தது. பெரிய மேடம். வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடத் தலையாட்டியை அழைத்துப் போக வந்தவர். கையில் வழக்கம்போல் பேனா. இருட்டில் கோட்டைப் பார்த்தார், லென்ஸ் பெட்டியைப் பார்த்தார், அவருக்கு விளங்கிவிட்டது.

"இங்க என்ன நடக்குது?"

சோடாபுட்டி, "ஒண்ணுமில்ல மேடம், நான்தான் பழகிப் பாக்க வந்தேன். போயிடுறேன்" என்று பெட்டியை மூடினாள். காப்பாற்றப் பார்க்கிறாள் என்று தலையாட்டிக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். கழுத்து அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

"மேடம், எனக்கு இதுதான் தெளிவா இருக்கு."

"எது?"

"இவ வச்ச லென்ஸ். என் கண்ணாடி பவர் அதிகம். ஒரு வருஷமா தலை வலிக்குது."

பெரிய மேடம் ஓரடி உள்ளே வந்தார். மூடி ஒரு கையில், பேனா ஒரு கையில். பிறகு, கண்டிப்பதற்காக இல்லாமல் நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்: "அப்போ தேர்வாளர் கேட்டப்ப ஏன் மாத்திச் சொன்ன?"

தலையாட்டி திரும்பவில்லை. எதிரே கோட்டுக்கு மேலே எழுத்துகள் வரிசையாக இருந்தன.

"அன்னைக்கு நிலைக்கண்ணாடியில உங்க முகம் தெரிஞ்சுது மேடம்."

பின்னால் மேடத்தின் முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கோபமா, வருத்தமா, வேலை போய்விட்டதா, சாயங்காலம் அப்பாவிடம் என்ன சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. அவள் காது தன் பழக்கத்தில் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. மூடி விழவில்லை.

அவளுக்குப் பயமாக இல்லை. சந்தோஷமாகவும் இல்லை. கடைசி வரியை ஒவ்வோர் எழுத்தாக, யாரும் கேட்காமலே, வாய்விட்டுப் படித்தாள்.